வாக்கு ஒரு கணக்கு, இடம் வேறு கணக்கு: தேர்தல் கருத்துக்கணிப்பை எப்படிப் படிப்பது?

2024 ஜூலையில் பிரிட்டனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ரிஃபார்ம் யுகே கட்சிக்கு 41 லட்சம் வாக்குகள் விழுந்தன. மொத்த வாக்கில் அது 14.3 சதவீதம். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு விழுந்தவை 35 லட்சம், 12.2 சதவீதம். முதல் கட்சிக்குக் கிடைத்த இடங்கள் 5. இரண்டாவது கட்சிக்கு 72.

தேர்தலுக்கு முன் வரும் எந்தக் கருத்துக்கணிப்பையும் இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்பேன். கணிப்பாளர்கள் மக்களிடம் போய்க் கேட்பது வாக்கைப் பற்றி. தலைப்புச் செய்தியில் வருவது இடங்களைப் பற்றி. "இந்தக் கட்சிக்கு 140 முதல் 155" என்று திரையில் ஓடும் எண்ணை எந்த வாக்காளரும் சொல்லவில்லை. வாக்கு சதவீதத்தை எடுத்து, அதோடு சில அனுமானங்களைச் சேர்த்து, அலுவலகத்தில் போட்ட கணக்கு அது. அளந்து கண்டதையும் கணக்குப் போட்டுச் சொன்னதையும் ஒரே அளவு நம்பிக்கையோடு எடுத்துக்கொள்கிறோம். தேர்தல் முடிவு வந்ததும் "கணிப்பெல்லாம் பொய்" என்று கோபப்படுகிறோம். அந்தக் கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதி, கணிப்பு எதைச் சொன்னது என்று பார்க்காமல் விட்டதால் வருவது.

வாசலில் நடப்பது

வாக்காளர் பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளி விட்டுப் பெயர்களை எடுத்து, அந்த வீடுகளுக்கே ஆள் அனுப்பிக் கேட்பது பழைய முறை, நல்ல முறையும்கூட. ஆனால் களத்தில் என்ன நடக்கும்? முதல் வீடு பூட்டியிருக்கும். இரண்டாவது வீட்டில், பட்டியலில் உள்ள இளைஞர் வேலைக்குப் போயிருப்பார். அவருடைய தாயார் பதில் சொல்லத் தயாராக இருப்பார். மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தவர் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவார். நான்காவது வீட்டில் உட்காரவைத்து, இருபது கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். இருட்டுவதற்குள் இத்தனை பேர் என்று முடித்தாக வேண்டிய கணக்கெடுப்பாளர், அந்த இளைஞரைத் தேடி மறுநாள் திரும்ப வருவாரா, தாயாரிடமே கேட்டு முடித்துக்கொள்வாரா? கணிப்பின் தரம் பெரும்பாலும் அந்த வாசலிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு எத்தனை கணினிகளை வைத்து அலசினாலும், கேட்கப்படாமல் போனவரின் பதிலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

தொலைபேசியில் கேட்டாலும் இணையத்தில் கேட்டாலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. 2015ல் பிரிட்டனில் கடைசி நாள் வரை கன்சர்வேட்டிவ் கட்சியும் தொழிலாளர் கட்சியும் சமநிலையில் இருப்பதாகவே கணிப்புகள் சொல்லின. எண்ணி முடித்தபோது கன்சர்வேட்டிவ் கட்சி 6 புள்ளிகளுக்கு மேல் முந்தி, தனிப்பெரும்பான்மையோடு ஆட்சி அமைத்தது. என்ன நடந்தது என்று ஆராயப் பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்கிஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். மக்கள் பொய் சொன்னார்களா, கடைசி நேரத்தில் மனம் மாறினார்களா என்றெல்லாம் அலசிவிட்டு, முக்கியக் காரணம் வேறு என்று அந்தக் குழு சொன்னது. கணிப்பில் சிக்கியவர்கள் நாட்டின் சரியான மாதிரியாக இல்லை. எளிதில் பதில் சொல்லக் கிடைத்தவர்களிடையே தொழிலாளர் கட்சி ஆதரவு அதிகம் இருந்தது. அவ்வளவுதான்.

கணிப்போடு சிறிய எழுத்தில் "பிழை வரம்பு 3 சதவீதம்" என்று ஒரு வரி வரும். அது இந்த வாசல் பிரச்சினையைப் பற்றிப் பேசவே இல்லை. எல்லோரும் கதவைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால்கூட, ஆயிரம் பேரைத் தற்செயலாகப் பொறுக்கியதாலேயே வரக்கூடிய பிழை மட்டும்தான் அது. அதுவே சிறியதல்ல. ஆயிரம் பேரிடம் கேட்டதில் அ கட்சிக்கு 41, ஆ கட்சிக்கு 38 என்று வைத்துக்கொள்வோம். அ கட்சி 3 புள்ளி முன்னிலை என்று தலைப்பு வரும். ஆனால் 3 சதவீதப் பிழை என்பது ஒவ்வொரு கட்சியின் எண்ணுக்கும் உரியது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கான பிழை வரம்பு ஏறக்குறைய 5.5 புள்ளி. அதாவது உண்மை நிலவரம், அ கட்சி 8.5 புள்ளி முன்னால் இருப்பதாகவும் இருக்கலாம், 2.5 புள்ளி பின்னால் இருப்பதாகவும் இருக்கலாம். பிழையைப் பாதியாகக் குறைக்க இரண்டு மடங்கு ஆட்கள் போதாது, நான்கு மடங்கு வேண்டும்.

234 தொகுதிகள் கொண்ட தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு ஒரு நிறுவனம் 5,000 பேரிடம் கேட்டால், மாநில அளவில் அது நல்ல எண்ணிக்கை. ஆனால் தொகுதிக்கு எத்தனை பேர்? சராசரியாக 21. இருபத்தோரு பேரை வைத்து ஒரு தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. 2016ல் இராதாபுரம் தொகுதி முடிவானது 49 வாக்கு வித்தியாசத்தில். எனவே எந்த நிறுவனமும் தொகுதியை அளப்பதில்லை. கணக்குதான் போடுகிறது.

வாக்கை இடமாக மாற்றும் கணக்கு

அந்தக் கணக்கு அடிப்படையில் எளியது. கடந்த தேர்தலில் ஒரு தொகுதியில் அ கட்சிக்கு 45, ஆ கட்சிக்கு 40. இப்போது மாநிலம் முழுக்க அ கட்சி 4 புள்ளி இறங்கி, ஆ கட்சி 4 புள்ளி ஏறியிருப்பதாகக் கணிப்பு சொல்கிறது. அதே ஏற்ற இறக்கத்தை இந்தத் தொகுதியிலும் போட்டால் அ 41, ஆ 44. தொகுதி கைமாறியது என்று எழுதிக்கொள்ளலாம். இப்படியே எல்லாத் தொகுதிக்கும். பிரிட்டனில் தேர்தல் ஆய்வாளர் டேவிட் பட்லர் இந்த முறையை வீட்டுக்கு வீடு தெரிந்த ஒன்றாக ஆக்கினார். இருமுனைப் போட்டி, மாறாத கட்சிகள், நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி வீசும் காற்று, இவை இருந்தவரை அது நன்றாகவே வேலை செய்தது.

அப்போதுகூடச் சிறிய பிழை பெரிதாக வீங்கும். இருமுனைப் போட்டியில் இடங்களின் விகிதம் வாக்கு விகிதத்தின் கனத்துக்கு (அந்த விகிதத்தை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் வருவதற்கு) நெருங்கி வரும் என்று ஒரு பழைய விதி உண்டு. அதன்படி 52 சதவீத வாக்கு வாங்கிய கட்சிக்கு 200 இடங்களில் சுமார் 112 கிடைக்கும்; 54 வாங்கினால் 124. இரண்டு புள்ளி வாக்குக்கு 12 இடங்கள். கணிப்பின் பிழை வரம்போ 3 புள்ளி. இதை யோசித்தால், "140 முதல் 155" என்று சொல்லும் குறுகிய இடைவெளி எத்தனை துணிச்சலானது என்று புரியும்.

பட்லர் 1980களில் பிரணாய் ராய், அசோக் லாகிரி ஆகியோருடன் சேர்ந்து இந்தியத் தேர்தல்களை ஆராய்ந்தபோது, வாக்கு ஏற்ற இறக்கம் மட்டும் போதாது என்பது தெரிந்தது. எதிர்க்கட்சிகள் எந்த அளவுக்கு ஒன்றுசேர்ந்திருக்கின்றன, எந்த அளவுக்குப் பிரிந்து நிற்கின்றன என்பதையும் ஓர் எண்ணாக்கி அவர்கள் சேர்த்தார்கள். எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு என்று அதற்குப் பெயர். ஒரு வாக்குகூட மாறாமல், யார் யாருடன் நிற்கிறார் என்பது மட்டும் மாறினாலே ஆட்சி மாறிவிடும் நாட்டுக்கு அது அவசியமான கணக்கு.

இதற்குத் தமிழ்நாட்டைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2006 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக வாங்கிய வாக்கு 32.6 சதவீதம், திமுக வாங்கியது 26.5. வெறும் வாக்கு சதவீதத்தைப் பார்ப்பவர் அதிமுக அமோக வெற்றி என்று எழுதியிருப்பார். ஆனால் அதிமுக 188 இடங்களில் நின்று 61ல் வென்றது. திமுக 132ல் நின்று 96ல் வென்றது. காங்கிரஸ், பாமக, இடதுசாரிகள் எல்லாம் திமுக பக்கம் இருந்தார்கள். அணியாகக் கூட்டினால் திமுக அணிக்கு 163, அதிமுக அணிக்கு 69.

அதே தேர்தலில்தான் விஜயகாந்தின் தேமுதிக முதல்முறையாகக் களம் இறங்கியது. தனித்து நின்று 8.4 சதவீத வாக்கு. கிடைத்த இடம் ஒன்றே ஒன்று, விருத்தாசலம். ஐந்து ஆண்டு கழித்து, 2011ல், அதே கட்சி அதிமுக கூட்டணியில் 41 தொகுதிகளில் நின்றது. வாக்கு சதவீதம் 7.9 ஆகக் குறைந்தது. இடங்கள் 29 ஆக உயர்ந்தன. 22.4 சதவீத வாக்கு வாங்கிய திமுகவுக்கு 23 இடங்கள்தான். பிரதான எதிர்க்கட்சி என்ற இடம் தேமுதிகவுக்குப் போனது. 2016ல் மூன்றாவது அணியாக நின்றபோது அந்தக் கட்சி 2.4 சதவீதத்துக்குச் சரிந்து, ஓர் இடமும் இல்லாமல் போனது.

இந்த மூன்று தேர்தல்களையும் சேர்த்துப் பார்த்தால் "இந்தக் கட்சியின் வாய்ப்பு எப்படி?" என்ற கேள்விக்கே பொருள் மாறுகிறது. தனித்து நிற்கும் கட்சிக்குக் கணிப்பில் 8 சதவீதம் வந்தால், இந்தத் தேர்தலில் அதற்கு இடம் ஏதும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த கூட்டணிப் பேச்சுவார்த்தை மேசையில் அந்த 8 சதவீதம்தான் அதன் கைமுதல். 2006ன் ஒற்றை இடம் 2011ன் 41 தொகுதி ஒதுக்கீடாக மாறியது அப்படித்தான். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பு வெளிவரும் கணிப்புகளைக் கட்சி அலுவலகங்களில் அத்தனை கூர்ந்து படிப்பதற்கும் இதுதான் காரணம். அந்தக் கட்டத்தில் அவர்கள் ஆட்சியைத் தேடுவதில்லை. யாருக்கு எத்தனை தொகுதி கொடுக்கலாம், யாரை விட்டால் எத்தனை தொகுதி போகும் என்று பார்க்கிறார்கள்.

எங்கே விழுந்தது என்பதுதான் கேள்வி

2024 மக்களவைத் தேர்தலில் பாஜகவின் வாக்கு 37.4லிருந்து 36.6 சதவீதமாகக் குறைந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. எந்தக் கணிப்பின் பிழை வரம்புக்குள்ளும் காணாமல் போய்விடும் மாற்றம். ஆனால் இடங்கள் 303லிருந்து 240 ஆயின. ஜூன் 1 மாலை வந்த வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல், சில 400 வரை கொடுத்திருந்தன. வந்தது 293.

நாடு தழுவிய சதவீதம் எதை மறைத்தது என்று பார்க்க உத்தரப் பிரதேசத்தையும் தமிழ்நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். உத்தரப் பிரதேசத்தில் பாஜக 50 சதவீதத்திலிருந்து 41க்கு இறங்கியது. இடங்கள் 62லிருந்து 33. தமிழ்நாட்டில் அது 3.6லிருந்து 11.2க்கு ஏறியது (2019ல் 5 தொகுதிகளில் நின்ற கட்சி இந்த முறை 23ல் நின்றதும் இதற்குக் காரணம்). இடம் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் இழந்த வாக்கை இன்னோரிடத்தில் வாங்கிய வாக்கு சரிக்கட்டியது. இழந்த வாக்குகளோடு இடங்கள் போயின, வாங்கிய வாக்குகளோடு இடங்கள் வரவில்லை.

கட்சியின் வாக்கு குவிந்திருக்கிறதா, பரவிக் கிடக்கிறதா என்பது எந்த நாட்டிலும் இப்படித்தான் விளையாடும். கனடாவில் 1993ல் ஆளும் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி 16 சதவீத வாக்கு வாங்கி 2 இடங்களோடு நின்றது. கியூபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிட்ட பிளாக் கியூபெக்வா 13.5 சதவீதத்துக்கு 54 இடங்கள் வாங்கிப் பிரதான எதிர்க்கட்சி ஆனது. மலேசியாவில் 2013ல் பாரிசான் நேஷனல் 47 சதவீத வாக்கோடு 222ல் 133 இடங்களைப் பிடித்தது. 51 சதவீதம் வாங்கிய எதிரணி எதிர்க்கட்சியாகவே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1948ல் குறைந்த வாக்கு வாங்கிய தேசியக் கட்சி கூடுதல் இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. இனஒதுக்கலைச் சட்டமாக்கிய ஆட்சி அது.

தொகுதி முறை இல்லாத நாடுகளில் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஓரளவு தீர்கிறது. ஜெர்மனியில் வாக்கு சதவீதத்துக்கு ஏற்பத்தான் இடங்கள், ஆனால் 5 சதவீதம் என்ற ஒரு வாசற்படி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பிஎஸ்டபிள்யூ என்ற புதிய கட்சிக்குக் கணிப்புகள் நான்கும் ஐந்துமாகக் காட்டிக்கொண்டிருந்தன. வந்தது 4.98 சதவீதம். சுமார் 9,500 வாக்குகளில் அது வெளியே நின்றது. உள்ளே வந்திருந்தால் மற்ற கட்சிகளின் இடங்கள் குறைந்திருக்கும். 630 இடங்களில் 328ஐ வைத்து ஆட்சி அமைத்த கிறிஸ்தவ ஜனநாயக, சமூக ஜனநாயகக் கட்சிகளின் கூட்டணிக்கு அந்தப் பெரும்பான்மையே இருந்திருக்காது. ஆயிரம் பேர் கணிப்பில் 4.9க்கும் 5.0க்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு ஆள். இலங்கையிலும் விகிதாசார முறைதான், ஆனால் கணக்கு மாவட்டம் மாவட்டமாகப் போடப்படுகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் இடமும் உண்டு. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 61.6 சதவீத வாக்குக்கு 225ல் 159 இடங்களைப் பெற்றது அந்த விதியின் துணையோடுதான்.

பிரான்ஸில் 2024ல் நடந்தது வேறு வகை. ஜூன் 30 முதல் சுற்றில் தீவிர வலதுசாரித் தேசியப் பேரணிக் கட்சியும் அதன் தோழமைகளும் சுமார் 33 சதவீதத்தோடு முதலிடம். அடுத்து வந்த கணிப்புகள் அவர்களே தனிப்பெரும் அணி என்றன. இரண்டாம் சுற்றுக்கு இருந்த ஒரு வாரத்துக்குள், மும்முனைப் போட்டி இருந்த தொகுதிகளில் 200க்கு மேற்பட்ட வேட்பாளர்கள் விலகி, எதிர்வாக்கு சிதறாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜூலை 7 இரவு அந்தக் கட்சி மூன்றாம் இடத்தில் இருந்தது. கணிப்பைப் படித்துவிட்டு வாக்காளர்களும் வேட்பாளர்களும் நடந்துகொண்ட விதமே கணிப்பை மாற்றிவிட்டது. வானிலை அறிக்கையைக் கேட்டு மழை தன் மனதை மாற்றிக்கொள்ளாது. தேர்தலில் அது நடக்கும்.

எல்லோரும் ஒன்றையே சொன்னால்

பல நிறுவனங்கள் ஒரே முடிவைச் சொன்னால் நம்பிக்கை கூடும். எனக்குக் கூடுவதில்லை. 2019 மே மாதம் ஆஸ்திரேலியத் தேர்தலுக்கு முன் வந்த கணிப்புகள் எல்லாம், பின்தங்கிய வேட்பாளர்களின் வாக்குகளை, வாக்காளர் அடுத்து விரும்பியவருக்கு மாற்றிய பின் தொழிற்கட்சிக்கு 51 முதல் 52 வரை என்றே சொல்லின. அதற்கு வெளியே வேறு எண்ணே இல்லை. முடிவில் ஆளும் கூட்டணி 51.5 சதவீதத்தோடு வென்றது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் பிரையன் ஷ்மிட் இதைச் சுட்டிக்காட்டினார்: தற்செயல் மாதிரி எடுத்தால் எண்கள் மேலும் கீழும் சிதறியே ஆக வேண்டும், அத்தனை கணிப்புகள் இவ்வளவு நெருக்கமாக அமைவதற்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. மந்தையை விட்டு விலகப் பயந்து, தங்கள் எண்ணை ஊரோடு ஒத்துப்போகுமாறு திருத்திக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. ஒரு கணிப்பு மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்தால் அதைக் கேலி செய்யாமல் அதன் முறையைப் படியுங்கள். 2017ல் பிரிட்டனில் அப்போதைய பிரதமர் தெரசா மே பெரும்பான்மை இழப்பார் என்று யூகவ் நிறுவனத்தின் தொகுதிவாரிக் கணக்கீடு சொன்னபோது பலரும் சிரித்தார்கள். அவருடைய கட்சியின் வாக்கு 5 புள்ளிக்கு மேல் உயர்ந்தது, 13 இடங்கள் குறைந்தன, பெரும்பான்மை போனது.

ஆக, ஒரு கணிப்பு கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது அது வெளியான தேதியை அல்ல, கேள்வி கேட்ட தேதிகளை. கூட்டணி அறிவிப்புக்கு முன் கேட்டதா, பின்பா? பிறகு, "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றவர்கள் எத்தனை சதவீதம், அவர்களை எந்தக் கட்சியின் கணக்கில் சேர்த்தார்கள் என்று பார்ப்பேன். பத்து சதவீதம் பேரைச் சத்தமில்லாமல் எல்லாக் கட்சிக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு 3 புள்ளி முன்னிலை என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். பணம் கொடுத்தது யார் என்பதும் முக்கியம். பெயர் சொல்லாத "உள் கணிப்பு" எதையும் நான் பொருட்படுத்துவதில்லை, அது பெரும்பாலும் தொண்டர்களைத் தெம்பூட்டவோ எதிரணியைக் கலைக்கவோ கசியவிடப்படுவது. வாக்கு சதவீதத்தைக் கொடுக்காமல் இடங்களை மட்டும் கொடுக்கும் கணிப்பை அங்கேயே மூடிவிடலாம்.

இந்தியாவில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்புகளை ஒளிபரப்பத் தடை இருக்கிறது. வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் எடுக்கும் கணிப்பை, எல்லாக் கட்ட வாக்குப்பதிவும் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை வெளியிட முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு மீறுபவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. எப்போது வெளியிடலாம் என்பதில் சட்டம் இத்தனை கண்டிப்பாக இருக்கிறது. எத்தனை பேரிடம், எந்தத் தேதிகளில், எப்படிக் கேட்டார்கள், சதவீதத்தை எப்படி இடமாக்கினார்கள் என்பதையும் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று அதே கண்டிப்போடு சொன்னால், பாதி நிறுவனங்கள் இடக் கணக்கைக் கைவிட்டுவிடும் என்று நம்புகிறேன்.

உலகத்தில் நன்றாகச் செய்யப்படும் தேர்தல் கணிப்பு எது என்று கேட்டால், பிரிட்டனில் தொலைக்காட்சி நிறுவனங்கள் சேர்ந்து எடுப்பதைத்தான் பலரும் சொல்வார்கள். சுமார் 130 வாக்குச்சாவடிகளின் வாசலில், உண்மையிலேயே வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம், மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து இன்னொரு பெட்டியில் போடச் சொல்கிறார்கள். முடிந்தவரை கடந்த தேர்தலில் நின்ற அதே சாவடிகளில் நின்று, அங்கே எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அளக்கிறார்கள். 2024ல் அந்தக் கணிப்பு தொழிலாளர் கட்சிக்கு 410 இடங்கள் என்றது, வந்தது 411. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 131 என்றது, வந்தது 121. அதே இரவில், நாடெங்கும் மெல்லிசாகப் பரவிக் கிடந்த வாக்கோடு முதல்முறையாகப் பெரிய அளவில் களத்துக்கு வந்த ரிஃபார்ம் யுகேக்கு அது 13 இடங்கள் கொடுத்தது. விடிந்தபோது 5.